மாமன் மச்சானுக்குள் டிக்கெட்

எங்கள் ஊரிலும் ரயில் நின்றுகொண்டிருந்த காலத்தில், அதற்கு டிக்கெட் விற்றவர் என் தாய்மாமா. திண்டுக்கல்லுக்கும் ஒட்டன்சத்திரத்துக்கும் நடுவே, வெங்காயக் காட்டு ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை. அதுதான் ஸ்டேஷன். மாமா சம்பளக்காரர் அல்ல, கமிஷன் ஏஜெண்டு. ஆனாலும் ஊர் அவரை ஸ்டேஷன் மாஸ்டர் என்றே கூப்பிடும். அதில் பாதி மரியாதை, பாதி கேலி.

ரயில் என்றால் ஊருக்கு உயிர். ஆயுத பூஜையன்று எஞ்சினுக்கு வாழைக்கன்று கட்டி, சந்தனம் பூசி, டிரைவருக்குப் பொரிகடலை கொடுத்து அனுப்புவார்கள். டிக்கெட் மட்டும் வாங்க மாட்டார்கள். முக்கால்வாசிப் பேர் ஏதோ ஒரு வகையில் எங்களுக்குச் சொந்தம். மாமா வாய் திறந்து கேட்டால், பூ மூட்டையோடு வரும் பெரியவர் ஒருவர் தவறாமல் சொல்வார்:

"மாமன் மச்சானுக்குள்ள டிக்கெட்டு என்ன மாப்ள டிக்கெட்டு?"

எல்லோரும் சிரிப்பார்கள். மாமாவும் சிரித்து வைப்பார். ரயிலே எங்கள் வீட்டுச் சொத்து என்று நான் பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

ஒழுங்காக டிக்கெட் எடுத்தது மாமாவின் மனைவி, என் அத்தை ஒருத்திதான். அவளுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய், வாரத்துக்கு இரண்டு தடவை திண்டுக்கல்லில் டயாலிசிஸ். முடிந்து வரும்போது காலில் தெம்பே இருக்காது. ரயில் என்றால் சீட்டில் படுத்தபடியே வந்துவிடுவாள். பஸ்ஸுக்கு மெயின் ரோடு வரை நடக்க வேண்டும், கூட்டத்தில் நின்றுகொண்டே போக வேண்டும். அது அவளால் ஆகிற காரியமில்லை.

பெட்டி நிறைய ஆள் போனாலும், மேலே இருப்பவர்களுக்குத் தெரிவது விற்ற டிக்கெட்தான். மாமா வீடு வீடாகப் போய் அத்தையின் நிலைமையைச் சொல்லி, டிக்கெட் எடுக்காவிட்டால் ரயிலை நிறுத்திவிடுவார்கள் என்று கெஞ்சிப் பார்த்தார். அதுக்கென்ன மாப்ள என்று காப்பி கொடுத்து அனுப்பினார்கள். கடைசியில், இந்த ஊரில் ஏற ஆளில்லை, ரயில் இனி நிற்காது என்று உத்தரவு வந்துவிட்டது.

கடைசி நாளன்று மாலையும் தேங்காயும் செல்போனுமாக ஊரே திரண்டது. டிக்கெட் ஜன்னலில் வரிசை நின்றது. அப்படி ஒரு வரிசையை நான் அன்றுதான் பார்த்தேன். எங்கும் போகாதவர்கள்கூட வாங்கினார்கள்.

"எனக்கும் ஒண்ணு குடு மாப்ள, ஞாபகத்துக்கு இருக்கட்டும்" என்றார் அந்தப் பெரியவர். மாமா தலை நிமிராமல் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

அதற்குப் பிறகு அத்தை ஷேர் ஆட்டோவிலும் பஸ்ஸிலுமாகக் கொஞ்ச நாள் அல்லாடினாள். அப்புறம் வாரம் ஒரு தடவை என்று ஆனது. பிறகு போவதையே விட்டுவிட்டாள். தை பிறப்பதற்குள் போய்ச் சேர்ந்தாள்.

அத்தையை எடுத்த அன்று ஒருவர் விடாமல் ஊர் வந்தது. பந்தல் போட்டதும் பாடை கட்டியதும் அவர்கள்தான். பெரியவர் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நாங்க அம்புட்டுப் பேரும் இருக்கோம் மாப்ள" என்று அழுதார். அது பொய் அழுகை இல்லை. மாமா கையை உருவிக்கொண்டு காட்டுப் பக்கம் போய்விட்டார். இத்தனை சொந்தம் வந்து நிற்கையில் இப்படி மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு போகிறாரே என்று எனக்கு மாமாவின் மேல்தான் கோபம் வந்தது.