விழ மறுத்த சூரியனும் நயினார் அண்ணாச்சியும்

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அயர்லாந்துக்குப் போய்வந்த கதை என்று என் சாப்பாட்டுக் கடையில் இத்தனை நாளாக நான் அளந்ததெல்லாம் நடந்தபோது, முக்கால்வாசி நேரம் என் கண்கள் மூடியிருந்தன. விமானத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து மேகம் பார்த்தேன் என்றது பொய். டப்ளின் பட்டணத்தில் மாடி பஸ்ஸின் முன்சீட்டில் ராஜா மாதிரிப் போனேன் என்றது பாதிப் பொய். முன்சீட்டு நிஜம். தலையை முழங்காலுக்குள் வைத்திருந்ததை நான் சொல்லவில்லை. இந்த உண்மை தெரிந்த ஒரே மனிதர், மத்தியானந்தோறும் மூலை மேஜையில் ரசஞ்சாதத்தைப் பிசைந்தபடி என் கதையைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு நாளும் என்னைக் காட்டிக்கொடுத்ததில்லை.

அவர் போன செய்தி எனக்கு ஒரு தூக்குச்சட்டியோடு வந்தது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவர் வீட்டிலிருந்து வரும் அந்தத் தூக்குச்சட்டியை, அன்று அவருடைய பக்கத்து வீட்டுக் காந்திமதி கையில் பிடித்துக்கொண்டு கடை வாசலில் நின்றாள்.

“சுப்பையாண்ணே, அண்ணாச்சிக்கு இன்னைக்குச் சாப்பாடு வேண்டாம்.”

“ஏன், விரதமா? பிரதோசம் நாளைக்குல்லா? அவருக்கு நாளும் கிழமையும் மறந்துட்டோ?” என்று கேலியாகக் கேட்டேன். அவள் சட்டியை மேஜையில் வைத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சாயங்காலம் நடந்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர், செருப்பைக்கூடக் கழற்றவில்லையாம்.

ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக் கரையில் தினமும் அவரோடு நடந்த உங்களுக்கு அண்ணாச்சியைப் பற்றி நான் சொல்ல என்ன இருக்கிறது? முப்பது வருஷம் தாலுகா ஆபீஸ் தலைமை எழுத்தர். திருச்செந்தூரைத் தாண்டி லீவு போட்டுப் போகாதவர். யார் வயலைப் பார்த்தாலும் கண்ணாலேயே ஏக்கர், சென்ட் சொல்லிவிடுவார். ஆனால் அவரோடு பன்னிரண்டு நாள் அயல்நாட்டில் அலைந்தவன் நான் ஒருவன்தான். அதை இப்போது எழுதாவிட்டால் வேறு யாரும் எழுதப்போவதில்லை. ஐந்தாம் வகுப்புப் படிப்பு. தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் மகன் அங்கே கால்வே என்ற ஊரில் டாக்டர். அப்பாவைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போனார். “அந்த ஊர்ல முட்டை விழாத பலகாரம் இருக்கா? சுப்பையா வந்தா வாரேன்” என்று அண்ணாச்சி விளையாட்டுக்குச் சொல்ல, டாக்டர் தம்பி நிஜமாகவே இரண்டு டிக்கெட் அனுப்பிவிட்டார். போனில் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். “அண்ணே, அப்பாவுக்குச் சர்க்கரை. மாத்திரை போட்டா நேரத்துக்குச் சாப்பிடணும். ஒரு வேளை தவறினாலும் ஆபத்து. உங்களை நம்பித்தான் இருக்கேன்.”

விமானம் கிளம்பியதுமே கண்ணை இறுக மூடிக்கொண்டேன். அண்ணாச்சி என் பக்கம் குனிந்து, “பயமா இருக்காலே?” என்றார்.

“பயமா? எனக்கா?” என்றேன். பல் தந்தியடித்தது.

“கையைப் பிடிச்சுக்கோ. ஊர்ல சொல்லமாட்டேன்.”

இதுதான் அவர் எனக்குக் கொடுத்த வாக்கு. கடைசிவரை காப்பாற்றினார்.

இறங்கியதும் எல்லாரும் கைக்கடிகாரத்தைத் திருகி அந்த நாட்டு நேரம் வைத்தார்கள். நான் வைக்கவில்லை. கையில் ஊர் நேரம் ஓடினால் ஊரே கூட வருகிற மாதிரி ஒரு தைரியம். அங்கே காலை பத்து என்றால் என் கையில் மத்தியானம் இரண்டரை. அண்ணாச்சிக்கு இது பெரிய தமாஷ். “ஏலே, உன் கணக்குக்கு இப்ப மத்தியானச் சோறு போடணும். இங்கன இன்னும் காப்பியே வரலை” என்பார்.

டப்ளினில் ஊருக்கு நடுவே ஆறு ஓடுகிறது. நம் தாமிரபரணி அளவு அகலமில்லை, பாலங்கள் மட்டும் நிறைய. அண்ணாச்சி வேட்டிக்கு மேல், எங்களை அழைத்துப்போக வந்திருந்த மகனுடைய நீளக் கோட்டைப் போட்டுக்கொண்டு, குரங்குக் குல்லாயோடு பாலத்தின் நடுவில் நின்றார். போகிற வருகிறவர்கள் ஆற்றைவிட அவரைத்தான் பார்த்தார்கள். வெகுநேரம் தண்ணீரையே பார்த்துவிட்டுச் சொன்னார்: “இவ்வளவு பெரிய ஊர். ஒருத்தனாவது ஆத்துல இறங்கிக் குளிக்கணுமே. ஒருத்தனையும் காணலை. தண்ணியில என்னமோ இருக்குலே.” அதற்குப் பிறகு அந்த ஆற்றைக் கடக்கும்போதெல்லாம் நான் பாலத்தின் நட்டநடுவில்தான் நடந்தேன்.

அங்கிருந்து டாக்டர் தம்பி காரில் கால்வேக்குக் கூட்டிப்போனார். வழியெல்லாம் பச்சை. அப்படி ஒரு பச்சையை நம் பக்கம் நாற்றங்காலில் மட்டும்தான் பார்க்க முடியும். சாந்து இல்லாமல் கல்லை அடுக்கிக் கட்டிய குட்டைச் சுவர்கள் மலைமேல் வரை ஓடின. “எல்லைத் தகராறு இல்லாத ஊரு போலிருக்கே” என்று அண்ணாச்சி பெருமூச்சு விட்டார். எனக்கோ வேறு கவலை. மேய்கிற ஆடு ஒவ்வொன்றின் முதுகிலும் சிவப்பும் நீலமுமாகச் சாயம் பூசியிருந்தது. கோயிலுக்கு நேர்ந்துவிட்ட கிடா! ஒன்றா இரண்டா, மந்தை மந்தையாக. இத்தனை கிடா கேட்கிற சாமி எவ்வளவு துடியான சாமியாக இருக்க வேண்டும்? அடுத்த வளைவில் கூரையில்லாத பழைய கோயில் ஒன்று வந்தது, சுற்றிலும் சாய்ந்த கல்லறைகள். அண்ணாச்சி இறங்கிப் பார்க்கப் போய்விட்டார். நான் காருக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு விபூதி பூசிக்கொண்டேன். சாயம் யார் ஆடு என்று தெரிவதற்காக என்று டாக்டர் தம்பி சிரித்தபடி விளக்கினார். நான் நம்புகிறமாதிரி தலையாட்டினேன்.

இனி வருவதை ஊரில் யாருக்கும் சொல்லவில்லை. அண்ணாச்சியும் சொல்லியிருக்கமாட்டார்.

ஒன்பதாம் நாள் பிரதோஷம். டாக்டர் தம்பிக்கு ஆஸ்பத்திரி வேலை. எங்கள் இருவரையும் சுற்றுலா பஸ்ஸில் ஏற்றி, கடலோரப் பாறைகளைப் பார்த்துவர அனுப்பினார். மத்தியானத்துக்குத் தயிர்சாதம் கட்டியிருந்தேன். அண்ணாச்சி தொடவில்லை. “சூரியன் விழுந்து சாமி கும்பிட்டுட்டுத்தான். பையன்கிட்ட மூச்சு விடாத.”

“மாத்திரை போட்டிருக்கியளே!”

“ஊர்லயும் போட்டுட்டுத்தானே இருக்கேன்? ஆறரை மணி வரைக்கும் தாங்கமாட்டனா?”

ஆனி மாசம் அந்த ஊரில் சூரியன் பத்து மணிக்கு விழுகிறது என்பது எட்டு நாளாகப் பார்த்த விஷயம்தான். ஆனால் விரதக் கணக்குப் போடும்போது இரண்டு பேருக்கும் அது நினைவில் வரவில்லை. ஊர் ஞாபகம் அப்படிப் பழகிவிட்டது.

அந்தப் பாறை இருக்கிறதே, அது பாறையில்லை. பூமி அங்கே சட்டென்று முடிந்துபோகிறது. கீழே எட்டிப் பார்த்தால் பறவைகள் நமக்குக் கீழே பறக்கின்றன. கைப்பிடிச் சுவர் ஒரு பக்கம் உண்டு, மறுபக்கம் வெறும் புல். காற்று வேட்டியைப் பிடுங்குகிறது. நான் விளிம்பிலிருந்து இருபதடி தள்ளி, புல்லில் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டேன். அண்ணாச்சி மட்டும் மேற்கே பார்த்தபடி நின்றார். சாயங்காலம் ஐந்து மணி. சூரியன் உச்சியை விட்டு இறங்க மனமில்லாமல் அங்கேயே நின்றது.

“ஏலே, இது இன்னிக்கு விழாது போலிருக்கே” என்றார். குரல் குழறியது.

கிட்டே போனேன். அந்தக் குளிர்காற்றில் அவர் நெற்றியெல்லாம் வியர்வை. கை நடுங்கியது. என்னைப் பார்த்தார். பார்வை என்மேல் நிற்கவில்லை.

“தாசில்தார் ஐயா,” என்றார் என்னிடம், “இந்தச் சர்வே நம்பருக்குள்ள கடல் வருது. எல்லைக்கல்லைக் காணோம். நான் போய்ப் பார்த்துட்டு வாரேன்.”

சொல்லிவிட்டு விளிம்பைப் பார்த்து நடந்தார்.

அதுவரை நான் பட்டதெல்லாம் பயமே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. எனக்கு அந்த ஊர்ப் பாஷையில் ‘தேங்க்யூ’ மட்டும் தெரியும். அந்தச் சமயத்தில் அதை வைத்து என்ன செய்ய? ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன். இந்தத் தடவை பிடித்தவன் நான். விளிம்புக்கு நாலடி இருந்தது. என் கால் இரண்டும் எனக்குச் சொந்தமில்லாததுபோல் ஆடின. அப்படியே அவரை இழுத்துப் புல்லில் உட்காரவைத்தேன். பையில் காப்பிக்காகக் கொண்டுபோயிருந்த திசையன்விளைக் கருப்பட்டி இருந்தது. கடித்து உடைத்து வாயருகே நீட்டினேன். பல்லை இறுக மூடிக்கொண்டார்.

“சூரியன் இருக்கு.”

“அண்ணாச்சி, உங்க காலைப் பிடிக்கேன், வாயைத் திறங்க!”

“சூரியன் இருக்குலே.”

எங்கள் பஸ்ஸில் வந்த ஒரு வெள்ளைக்காரப் பாட்டியம்மா பக்கத்தில் மண்டியிட்டு என்னென்னவோ கேட்டாள். நான் தமிழில் எல்லாம் சொன்னேன். அவள் தன் ஆரஞ்சுச் சாற்றுப் பாட்டிலைத் திறந்து நீட்டினாள். அதற்கும் அவர் வாய் திறக்கவில்லை. இவர் இங்கே போய்விட்டால் டாக்டர் தம்பி முகத்தில் எப்படி விழிப்பேன்? ஊருக்கு எப்படித் தனியாகத் திரும்புவேன்? அழுகை வந்தது. கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கினேன். கடிகாரம் கண்ணில் பட்டது. ஒன்பதரை.

“அண்ணாச்சி, இங்க பாருங்க. ஸ்ரீவைகுண்டத்துல மணி ஒம்பதரை. சூரியன் விழுந்து மூணு மணி நேரம் ஆச்சு. பிரதோச பூசை முடிஞ்சு நடையும் சாத்தியாச்சு. நீங்க கும்பிடுத சிவன் எங்கன இருக்காரு? இங்கனயா, அங்கனயா?”

கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஃபைலில் கையெழுத்துப் போடும் முன் யோசிக்கிற தலைமை எழுத்தரின் முகம் மெல்லத் திரும்பி வந்தது.

“அங்கனதான்” என்றார். வாயைத் திறந்தார்.

கருப்பட்டி கரைந்தது. ஆரஞ்சுச் சாறும் இறங்கியது. கால்மணி நேரத்தில் என்னைப் பார்த்து, “ஏலே சுப்பையா, எதுக்கு அழுத?” என்றார். பாட்டியம்மா என் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். நான் ‘தேங்க்யூ’ சொன்னேன். ஐந்தாறு தடவை சொன்னேன்.

திரும்பும்போது பஸ்ஸில் தயிர்சாதத்தைத் துடைத்துச் சாப்பிட்டார். “எவ்வளவு நல்ல இடம், பார்த்தியா?” என்றார். “நீ கண்ணைத் திறந்து பார்த்த ஒரே இடம்.” அப்புறம் சற்று நேரம் கழித்து, “நான் இருக்குத வரைக்கும் அந்த வாட்சை மாத்தாத. போனதுக்கப்புறம் வேணும்னா இந்த ஊர் நேரம் வச்சுக்கோ. எனக்கு இந்த ஊரு பிடிச்சிருக்கு” என்றார்.

அவர் விரதத்தை நான் சொல்லவில்லை, என் பயத்தை அவர் சொல்லவில்லை. இன்று இரண்டையும் நானே சொல்லிவிட்டேன். பாடையைத் தூக்கியபோது, அந்தப் புல்மேட்டில் ஆடிய அதே மாதிரி என் கால்கள் ஆடின. கையைப் பிடித்துக்கொள்ளச் சொல்ல ஆளில்லை. அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தப் பிடி ஒன்றுதான், அவர் கையின் கனத்தோடு. இன்னொன்று இந்தக் கடிகாரம். காரியம் முடிந்த அன்று, அவர் சொன்னபடி நாலரை மணி நேரம் பின்னால் தள்ளி வைத்தேன்.

இரங்கல் கூட்டம் சாயங்காலம் ஐந்து மணிக்கு என்றும், நானும் பேச வேண்டும் என்றும் சொல்லியிருந்தீர்கள். கூட்டத்துக்கான சுண்டலைச் செய்து கொடுத்தனுப்பிவிட்டுச் சற்றுக் கண்ணயர்ந்தேன். விழித்துக் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். மணி பன்னிரண்டு. நேரம் கிடக்கிறதே என்று திரும்பிப் படுத்தேன். நான் வந்து சேர்ந்தபோது நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தீர்கள். நானும் ஒரு பக்கம் பிடித்தேன். சுண்டல் தீர்ந்திருந்தது. உப்பு கொஞ்சம் குறைவு என்று சொன்னார்கள்.