கப்பலில் இருக்கும் அண்ணனுக்கு லீசல் எழுதும் ஞாயிற்றுக்கிழமைகள்

இன்றைக்குத் தற்செயலாகச் சந்தித்த ஆளின் பெயர் லீசல். சுவிட்சர்லாந்தில், இன்டர்லாக்கனில் ஒரு ஹோட்டலின் பின்வாசல். வெங்காயத்தோல் நிறைந்த வாளியைத் தூக்கிக்கொண்டு, சமையல்காரர் போடும் வெள்ளைச் சட்டையில் ஒரு பெண் வெளியே வந்தாள். முகத்தைப் பார்த்தால் பிலிப்பைன்ஸ்காரி. வாயைத் திறந்தால், "கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ, உடுப்பில கொட்டுப்படும்" என்கிறாள், அசல் யாழ்ப்பாணத் தமிழில். இதற்குப் பிறகு அவளுடைய கதையைக் கேட்காமல் யாரால் வீட்டுக்குப் போக முடியும்?

லீசலுக்கு இருபத்திரண்டு வயது. பிறந்தது பத்தாங்காஸ் என்ற கடலோர ஊரில். அந்த ஊரில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது யாராவது கடந்து போனால், "வாங்கோ, சாப்பிடுவம்" என்று கூப்பிட வேண்டும். கூப்பிடாவிட்டால் மரியாதை இல்லை. கடந்து போகிறவர் "சாப்பிட்டாச்சு" என்று சொல்லிவிட்டு நடக்க வேண்டும். நடக்காவிட்டாலும் மரியாதை இல்லை. நம் ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆனால் விடுமுறைக்கு வந்து கடற்கரையில் நடந்துபோன ஊலி என்ற சுவிஸ்காரருக்கு இது தெரியாது. லீசலின் அம்மா நெனிதா வழக்கப்படி கூப்பிட்டார். ஊலி உடனே செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து, வீட்டில் எல்லோருக்கும் வைத்திருந்த மீனைத் தலையோடு சாப்பிட்டு முடித்தார். அடுத்த நாளும் அதே நேரத்துக்கு வந்தார். அப்படி வந்து வந்துதான் அவர் லீசலுக்குச் சிறிய தகப்பன் ஆனார்.

நெனிதா ஊலியை மணந்து, பிரியன்ஸ் ஏரிக்கரையில் உள்ள பியோனிகனுக்கு வந்தார். பதினாறு வயது லீசலையும் கூட்டி வர முடிந்தது. அண்ணன் ஜொமாரைக் கூட்டி வர முடியவில்லை. அவனுக்குப் பதினெட்டுக் கடந்துவிட்டது, குடும்ப விசா கிடையாது. அவன் சரக்குக் கப்பலில் இயந்திர அறை வேலைக்குப் போனான். ஆறு வருடங்களாக அம்மாவும் தங்கையும் அவனைப் பார்க்கவில்லை. இவர்கள் ஊருக்குப் போன இரண்டு தடவையும் அவன் நடுக்கடலில் இருந்தான்.

லீசல் இந்தக் காலத்தில் வலைப்பதிவு எழுதுவதற்குக் காரணம் இதுதான். அவள் வயதுப் பிள்ளைகள் எல்லாம் வீடியோ போடுகிறார்கள். ஜொமாரின் கப்பலில் வீடியோ ஓடாது. கடலுக்கு நடுவில் கிடைக்கும் இணையத்தில் எழுத்துத்தான் ஏறும், அதுவும் மெல்ல. எனவே அவள் தங்கள் தாய்மொழியில் எழுதத் தொடங்கினாள். பதிவின் பெயர் 'லிங்கோ'. அவர்களுடைய தகாலொக் மொழியில் ஞாயிற்றுக்கிழமை என்று அர்த்தம்.

ஜொமார் சும்மா வாசிக்கிறவன் இல்லை. கேள்வி கேட்கிறவன். ஏரித் தண்ணீர் ஏன் பச்சையாக இருக்கிறது? மாட்டின் கழுத்து மணி இரவிலும் அடிக்குமா, அடித்தால் மாடு எப்படித் தூங்கும்? கட்டிடம் முழுவதுக்கும் துணி தோய்க்க ஒரே அறை என்றால் முறை மாறிப் போகிறவரை என்ன செய்வார்கள்? ஒவ்வொரு ஞாயிறும் குடும்பம் வெளியே போவது இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடித்தான். மாட்டு மணிக் கேள்விக்காக மலைமேல் ஒரு பட்டிக்கே ஏறிப் போனார்கள். அங்கிருந்த விவசாயி நெடுநேரம் யோசித்துவிட்டு, "மாட்டைக் கேக்கேல்லை, எனக்கு நித்திரை வருது" என்றாராம். அதையும் லீசல் அப்படியே எழுதினாள்.

சமையலறையையும் எழுதுவாள். அங்கே அவள் தொழில் பழகும் மாணவி. கூட வேலை செய்பவர்கள் பெரும்பாலும் நம் ஆட்கள். தமிழை அவள் கற்றது அவர்களிடம்தான். முதலில் ஏச்சு, பிறகு காய்கறிப் பெயர்கள், கடைசியாகத்தான் வணக்கம். பெரிய சமையல்காரர் குகதாசன் அவளை ஏசும் ஏச்சுகளை ஆங்கில எழுத்தில் அப்படியே பதிவில் போட்டுவிடுவாள்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை ஜொமாரிடமிருந்து செய்தி வந்தது. சனிக்கிழமை கப்பல் இத்தாலியில் ஜெனோவாத் துறைமுகத்துக்கு வருகிறது. அன்று மாலை ஐந்து மணிவரை இறங்கலாம். நகரத்தை விட்டு வெளியே போக அனுமதி இல்லை. அடுத்த நாள் கப்பல் பிரேசிலுக்குப் போய்விடும்.

லீசல் கரட் சீவிக்கொண்டிருந்த கத்தியை வைத்துவிட்டு நேரே குகதாசனிடம் போனாள்.

"அண்ணை, சனிக்கிழமை எனக்கு லீவு வேணும்."

"லீவோ? சனிக்கிழமை கலியாணச் சாப்பாடு, மண்டபம் நிரம்பச் சனம். ஏன், கலியாணப் பொம்பிளை நீயோ?"

"எங்கட அண்ணா வாறார்."

"ஆர், கப்பல்காரனோ? எங்க வாறான், பிரியன்ஸ் ஏரிக்கோ?"

"ஜெனோவாக்கு. ஒரு நாள்தான் அண்ணை."

குகதாசன் அடுப்பைக் குறைத்தார். அவருக்கும் கனடாவில் ஒரு தம்பி இருக்கிறார், பார்த்துக் கனகாலம்.

"போ. உன்ர கரட்டை நான் சீவுறன். ஆனா ஞாயிற்றுக்கிழமை விடிய நீதான் வந்து நிக்கவேணும், கப்பல்ல ஏறிப் போயிடாத."

வெள்ளிக்கிழமை வேலை முடியும்போது, அலுமினியத் தாளில் சுற்றிய பெரிய பொட்டலம் ஒன்றை அவள் பையில் திணித்தார். ஆட்டிறைச்சி ரோல்ஸ். "வெறுங்கையோட போகக்கூடாது. உங்கட ஆக்கள் உறைப்புத் தின்னுவினமோ தெரியாது, தின்னாட்டி நீ தின்."

பியோனிகன் வீட்டில் அதைவிடப் பெரிய சமையல் நடந்துகொண்டிருந்தது. அங்கே தகாலொக்கும் ஜெர்மனும் கலந்த பேச்சு. நம் வாய்க்கு மாற்றினால் இப்படி இருக்கும்.

"நெனிதா, போறது ஒரு பெடியனைப் பாக்க. ரெண்டு பெட்டிச் சாப்பாடு ஏன்?" என்று ஊலி கேட்டார்.

"கப்பல்ல இருபது பேர் இருக்கினம். அவன் மட்டும் சாப்பிட மற்றவை பாத்துக்கொண்டு நிக்கிறதோ?"

"சரி, அப்ப சோறு அவிக்கிற குக்கர் ஏன்?"

"அங்க சோறு ஆறியிருந்தா?"

ஊலி ரயில் நேர அட்டவணையை எடுத்தார். அவர் மலைப்பாதையில் பஸ் ஓட்டுபவர், பயணத் திட்டம் அவருடைய பொறுப்பு. ஸ்பீட்சில் ரயில் மாறி, மிலானில் இன்னொரு தடவை மாறி, ஜெனோவா. மிலானில் மாறுவதற்கு ஆறு நிமிடம்.

"காணுமோ?" என்று லீசல் கேட்டாள்.

"ஆறு நிமிஷமோ? தாராளம். ஸ்பீட்சில நாலு நிமிஷத்தில மாறி, நடுவில கோப்பியும் வாங்கியிருக்கிறன்."

இந்த நாட்டில் இருப்பவர்களுக்கு மட்டுமே வரக்கூடிய பிழை இது. இங்கே ஆறு நிமிடம் என்றால் ஆறு நிமிடம். ரயில் வரும், கதவு திறக்கும், எதிர் மேடையில் அடுத்தது நிற்கும். எல்லையைத் தாண்டியும் உலகம் அப்படித்தான் இருக்கும் என்று அவர்கள் நம்பினார்கள்.

எல்லை கடந்து கொஞ்ச தூரத்தில் ரயில் ஒரு வயலுக்கு நடுவே நின்றது. ஊலி கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு அதைச் சட்டைக் கைக்குள் மறைத்தார். மிலானில் இறங்கும்போது ஆறு நிமிடம் எப்போதோ முடிந்திருந்தது. ஆனாலும் ஓடினார்கள். நெனிதா குக்கரைக் குழந்தையைப் போல் மார்போடு அணைத்துக்கொண்டு முன்னால் ஓட, பின்னால் ஆளுக்கொரு பெட்டியுடன் மற்ற இருவரும். மேடை வெறுமையாக இருந்தது. அடுத்த ரயிலில் இடமில்லை. அதற்கடுத்தது எல்லா ஊரிலும் நின்று போவது.

ஊலி ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தார். "என்ர பிழை."

"பெட்டி பாரம், அதுதான்" என்றார் நெனிதா.

"பெட்டி இல்லாட்டிலும் பிடிச்சிருக்க ஏலாது. நான்தான் ஆறு நிமிஷம் எண்டு சொன்னனான்."

லீசலுக்கு அவர்மேல் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. ஆறு வருடம் காத்திருந்து, ஒரு பகல் கிடைத்து, அந்தப் பகலில் பாதி ஸ்டேஷனில் உட்காரும் ஒரு இரும்பு வாங்கில் கரைகிறது. வாயைத் திறந்தால் ஏச்சுத்தான் வரும், அதுவும் குகதாசன் அண்ணையின் தரத்தில் வரும் என்று அவளுக்குத் தெரிந்தது. கைபேசியை எடுத்தாள். இன்றைக்கு மட்டும் எழுத வேண்டியதில்லை, எல்லாவற்றையும் வாயாலேயே சொல்லலாம் என்று நினைத்து வந்தவள், மறுபடியும் பதிவு எழுதத் தொடங்கினாள். ரயிலை விட்டுவிட்டோம். எப்போது வந்து சேருவோமோ தெரியாது. அம்மா பக்கத்து வாங்கில் இருக்கும் கிழவருக்குச் சாப்பாடு கொடுக்கப் பார்க்கிறார், அவர் பயந்துபோய்ப் பையை இழுத்துப் பிடிக்கிறார்.

துறைமுகத்தில் இருந்ததால் பதில் உடனே வந்தது. திட்டவில்லை, கவலைப்படவில்லை. 'அந்த ஸ்டேஷனின் கூரை எவ்வளவு உயரம்? எங்கள் கப்பல் உள்ளே போகுமா?'

லீசல் தலையை நிமிர்த்திக் கூரையைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்ததால் சரியாகத் தெரியவில்லை. "ஊலி, இந்தக் கூரை எவ்வளவு உயரம் இருக்கும்?" என்று கேட்டாள். ஊலி எழுந்து நின்று, கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி அளக்க ஆரம்பித்தார். அவர்மேல் இருந்த கோபம் அந்த இடத்திலேயே போய்விட்டது.

ஜெனோவாவில் துறைமுக வாசலுக்கு வந்து சேர்ந்தபோது நாலு மணி கடந்திருந்தது. வெளியே மாலுமிகள் தங்கிப் போகும் சிறிய கட்டிடம். அதன் படியில் இருவர் நின்றார்கள். ஒருவன் ஜொமார். நெற்றி ஏறி, தோள் பருத்து, இறந்துபோன அப்பாவைப் போல் ஆகியிருந்தான். நெனிதா குக்கரை நிலத்தில் வைத்துவிட்டு அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தார். அழுவார் என்று எல்லோரும் நினைத்தார்கள். "சாப்பிட்டியோ?" என்றார்.

"இல்லையம்மா. உங்களுக்காகத்தான் பாத்துக்கொண்டிருந்தனான்."

பிறகு அவன் ஊலியின் பக்கம் திரும்பி, பெர்ன் பக்கத்து மக்கள் சொல்வதுபோலவே "குரூயெசெக்" என்று வணக்கம் சொன்னான். பதிவில் படித்துப் பழகியது. ஊலி அவன் கையைப் பிடித்து விடாமல் குலுக்கினார்.

உள்ளே மேசையில் அலுமினியத் தாளை விரித்து, சோற்றைக் கொட்டி, இறைச்சியை அதன்மேல் பரப்பி, எல்லோரும் ஒன்றாகக் கையால் சாப்பிட்டார்கள். ஜொமார் வாய் நிறையச் சோற்றோடு கேள்வி கேட்டான்.

"அம்மா, வெள்ளிக்கிழமை உங்கட தோய்க்கிற நாளெல்லோ. இவ்வளவும் சமைச்சுக்கொண்டு எப்பிடித் தோய்ச்சனீங்கள்?"

"தோய்க்கேல்லை. முறையை மேல்வீட்டு மனுசிக்குக் குடுத்திட்டன்."

"ஆர், நாய் வச்சிருக்கிற மனுசிக்கோ? அவவோட நீங்கள் கோவமெல்லோ?"

லீசல் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். மேல்வீட்டு நாய், தோய்க்கும் நாள், கோபம். ஒருநாளும் பார்க்காத வீட்டுக்குள் அவன் ஆறு வருடமாக நடமாடிக்கொண்டிருந்திருக்கிறான்.

ஜொமாரோடு கப்பலிலிருந்து வந்திருந்த மற்றவன் தூத்துக்குடிக்காரன், பெயர் ஜெனிஸ்டன். பெட்டி தூக்க வந்தவன். அவன் லீசலைத் தயங்கித் தயங்கிப் பார்த்துவிட்டு, "நீங்க தமிழ் பேசுவீங்களாமே, நெசமா?" என்று கேட்டான்.

"ஓம், கொஞ்சம் கதைப்பன். குசினியில சமைச்சுப் பழகின தமிழ்."

"உங்க அண்ணன் ராத்திரி சாப்பாட்டுக்கப்புறம் மெஸ்ல உங்க பதிவ வாசிச்சு இங்கிலீஷ்ல சொல்லுவான், எல்லாரும் சுத்தி உக்காந்திருப்போம். அந்தக் குகதாசன் அண்ணன் திட்டுறது வந்தா மட்டும் என்கிட்ட அர்த்தம் கேப்பான். எனக்கே பாதி வெளங்காது."

லீசல் ரோல்ஸ் பொட்டலத்தை அவன் பக்கம் தள்ளினாள். "இது அவர் செய்தது."

ஜெனிஸ்டன் ஒன்றை எடுத்துக் கடித்தான். பிறகு, "ரெண்டு எடுத்துக்கட்டுமா?" என்று மட்டும் கேட்டான்.

ஐந்து மணிக்குச் சற்று முன் ஜொமார் கை கழுவிவிட்டு வந்தான். லீசல் சொல்ல வைத்திருந்தவற்றில் ஒன்றைக்கூடச் சொல்லவில்லை.

"நான் வாயால சொல்லவெண்டு கனக்க வச்சிருந்தனான்" என்றாள்.

"எழுது. எனக்கு மட்டுமில்லை, இருபது பேரும் கேக்கினம். ஆனா நீ ஒராள்தான் எழுதுறாய், ஞாயிற்றுக்கிழமையோட முடிஞ்சு போகுது. திங்களில இருந்து நாங்கள் இயந்திரத்தின்ர சத்தத்தைத்தான் கேக்கிறம். மற்ற ஆக்களையும் எழுதச் சொல்லு."

மீதிச் சாப்பாட்டுப் பெட்டிகளோடு இருவரும் வாசலுக்குள் போனார்கள். ஜொமார் திரும்பித் திரும்பிக் கையசைத்தான். நெனிதா அப்போதுதான் அழுதார்.

திரும்பி வரும் ரயிலில் ஊலி லீசலிடம் கைபேசியைக் கேட்டு வாங்கி, ஒற்றை விரலால் நெடுநேரம் தட்டினார். மிலானில் அவள் எழுதிய பதிவின் கீழ் அவருடைய முதல் வரி இப்போதும் இருக்கிறது: 'ஜொமார், மிலான் கூரையைப் பற்றி விசாரித்துச் சொல்கிறேன். உன் கப்பலின் உயரத்தை அனுப்பு.' அதற்குக் கீழே நெனிதா எழுதியிருக்கிறார். அதற்கும் கீழே குகதாசன் அண்ணை தமிழில் ஒரு வரி எழுதியிருக்கிறார், அது ஏச்சுத்தான்.

வாசிக்கிற உங்களிடம் கேட்பது இதுதான். 'லிங்கோ' பதிவுக்குப் போங்கள். டாவோஸோ நொஷாட்டலோ வவுனியாவோ, உங்கள் தெருவில் இன்று என்ன நடந்தது என்று நாலு வரி கீழே எழுதுங்கள், தமிழிலேயே எழுதுங்கள், வாசித்துச் சொல்ல ஜெனிஸ்டன் இருக்கிறான். உங்களுக்குத் தெரிந்தவர்களில் யாருடைய பிள்ளையாவது கப்பலில் இருந்தால், இதை அவர்களுக்கும் அனுப்பிவிடுங்கள்.