காணாமல் போன இரண்டே கால் அங்குலம்

எழுபது எம்.எம். படங்களை நான் பார்த்தது கொஞ்சம், அவற்றைப் பற்றிப் பேசியது மிக அதிகம். அரக்கோணத்தில் ரயில்வே வேலை. கையில் பாஸ் இருந்தது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை திருத்தணியிலிருந்து ரயிலேறி மெட்ராஸ் போய், ஒரு இங்கிலீஷ் படம் பார்த்துவிட்டுப் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவேன். வந்ததும் எங்கள் ஊர்க் கொட்டகையை மட்டம் தட்ட ஆரம்பித்துவிடுவேன். "அதெல்லாம் திரையா? வேட்டி" என்பேன். அந்த வேட்டியில்தான் ஊரே வாரம் தவறாமல் படம் பார்த்துக்கொண்டிருந்தது. என்னை எப்படிப் பொறுத்துக்கொண்டார்கள் என்று இப்போது ஆச்சரியமாக இருக்கிறது.

அப்படிப் பார்த்த படங்களில் ஒன்றை நான்கு தடவை பார்த்தேன். ஒரு ராஜா, ஒரு ராணி, ஒரு பாலைவனம், எண்ணி முடியாத குதிரைகள். வசனத்தில் முக்கால்வாசி எனக்குப் புரியவில்லை. புரியாததை நானே நிரப்பிக்கொண்டேன். ஆனால் ஒரு காட்சிக்கு வசனமே தேவைப்படவில்லை. ஒரு நீளமான மேஜை. திரையின் இந்தக் கடைசியில் ராஜா, அந்தக் கடைசியில் ராணி. நடுவில் பழங்களும் மெழுகுவர்த்திகளும். ராஜா அங்கிருந்தபடியே, "உன்னைத் தள்ளி வைத்துவிட்டேன், போ" என்கிறான். ராணி வாயைத் திறக்கவில்லை. எதிரே இருந்த கோப்பையை ஒரு விரலால் சாய்க்கிறாள். சிவப்பு மது மேஜை முழுவதும் ஓடிப்போய் ராஜாவின் கை அருகே நிற்கிறது. அவ்வளவுதான். நான்கு தடவையும் அழுதேன்.

இதை என் அக்காவிடம் சொன்னேன். அக்காவை எங்கள் தெருவிலேயே கொடுத்திருந்தது. அவள் புருஷனை நான் பாவா என்பேன். பாவாவுக்குத் தறி, அக்காவுக்கு ராட்டை. அவள் தறிக்கான நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக்கொண்டே கேட்பாள். மெட்ராஸ் தியேட்டரை அவள் பார்த்ததே இல்லை. ஆனால் ஒரு தடவை கேட்டதை என்னைவிட நன்றாகச் சொல்லுவாள். தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர் ராட்டையோடு அவள் வீட்டில் கூடிவிடுவார்கள். ராணி கோப்பையைச் சாய்க்கும் இடம் வந்தால் அக்கா ராட்டையை நிறுத்துவாள். உடனே எல்லா ராட்டையும் நிற்கும். எதிர்வீட்டு அம்மா மூக்கைச் சிந்திவிட்டு, "கட்டையில போறவன், நல்லா இருப்பானா அவன்?" என்று ராஜாவுக்குச் சாபம் கொடுப்பாள். பதினைந்து வருஷம் அந்த ராஜா எங்கள் தெருவில் வாங்கிய வசவை எந்த எதிரி நாட்டானிடமும் வாங்கியிருக்க மாட்டான்.

நம்பாதவர் பாவா ஒருத்தர்தான்.

"மேஜ எவ்ளோ நீளம்டா மச்சான்?"

"நம்ம தெருவுல பாவு நூல இழுத்துக் கட்டுவோமே, அவ்ளோ நீளம் பாவா."

"அந்தக் கடசியும் இந்தக் கடசியும் ஒரே தபாவுல எப்டிடா தெரியும்? புளுவறதுக்கும் ஒரு அளவு கீது."

அக்கா அவரை முறைப்பாள். அதோடு சரி. தெரு அக்கா பக்கம் இருந்தது.

எண்பதுகளின் நடுவில் வீடியோ வந்தது. கைத்தறி போய் பாவா விசைத்தறி போட்டு நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. அரக்கோணத்தில் ஒரு கேசட் கடையில், வேறு எதையோ தேடும்போது, அந்தப் படம் கண்ணில் பட்டது. கடைக்காரரிடம் வாடகைக்குக் கேட்டு, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். அக்காவிடம் சொன்னதும் அவள் செய்த முதல் காரியம், வீடு வீடாகப் போய் அழைத்ததுதான். மஞ்சள் குங்குமம் எடுத்துப் போகாதது ஒன்றுதான் குறை.

அமாவாசையன்று எங்கள் தெருவில் தறி ஓடாது. அன்று காலை பத்து மணிக்குப் பாவாவின் தறிக்கூடத்தில் டி.வி.யும் டெக்கும் வைத்தோம். நாற்பது பேர் இருப்பார்கள். படம் ஆரம்பித்தது. பெயர் போடும்போது குதிரைகள் வந்தன. எல்லாம் ஒட்டிப்போய், ஒல்லியாக, கால் மட்டும் நீளமாக இருந்தன.

"அந்த ஊர்ல பஞ்சமாடி?" என்று எதிர்வீட்டு அம்மா கேட்டாள்.

பெயர் முடிந்ததும் குதிரைகள் ஒரே நொடியில் கொழுத்துவிட்டன. கதை ஓடியது. அக்கா டி.வி.க்குப் பக்கத்தில் நின்று, அடுத்து என்ன வரும் என்று முன்கூட்டியே சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசியில், "ஆங், இதோ வருது பாருங்க" என்று முந்தானையைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

வந்தது மேஜை. வெறும் மேஜை. நடுவில் பழத்தட்டு, மெழுகுவர்த்தி. இடது ஓரத்தில் ஒரு மூக்கு. அது ராஜாவின் மூக்கு என்பது எனக்கு மட்டும் தெரியும். வலது ஓரத்தில் ஒன்றுமே இல்லை. எங்கிருந்தோ ஒரு ஆண்குரல் கோபமாகப் பேசியது. பழத்தட்டு அதைக் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு வலது பக்கத்திலிருந்து சிவப்பாக ஏதோ ஓடி வந்தது.

"யாரு கொட்டனது?" என்றாள் ஒருத்தி.

"பேசறது யாரு, மேஜையா?" என்றாள் இன்னொருத்தி.

"ராணி எங்கமா? வெளிய கிளிய போயிருக்காளா?" என்று எதிர்வீட்டு அம்மா கேட்டதும் தறிக்கூடம் குலுங்கியது. பாவா சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரையேறி, தண்ணீர் கொண்டுவர வேண்டியதாகிவிட்டது. அக்கா மட்டும் முந்தானையைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். எனக்கு அங்கேயே பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்றிருந்தது.

அன்றிலிருந்து அக்காவுக்கு 'மேஜராணி' என்று பெயர். பெயரோடு போயிருந்தால் பரவாயில்லை. ரேஷனில் பாமாயில் வந்திருக்கிறது என்று அக்கா சொன்னால், யாராவது ஒருத்தி போய்ப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் மற்றவர்கள் கேனைத் தூக்கினார்கள். பொய்யே பேசாதவள் அவள். என் வாயை நம்பித் தன் வாக்கை இழந்துவிட்டாள். ராட்டையைக் கூடத்திலிருந்து எடுத்துப் பின்கட்டில் போட்டுக்கொண்டாள். என்னோடு பேசவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஐந்தாம் நாள் ஆள் அனுப்பிக் கூப்பிட்டாள். பாவாவும் இருந்தார்.

"பேரு போடசொல குதுர ஏன்டா ஒல்லியா இருந்துச்சி?"

"தெரியலக்கா."

"எனுக்குத் தெரியும். பெரிய பன்னா துணிய சின்ன பொட்டியில திணிச்சா சுருங்கிக்கும் இல்ல? பேரு போடசொல முழுத் துணியும் உள்ள இருந்துச்சி, அதான் சுருங்கிச்சி. அப்பறம் சுருக்கம் போயிடுச்சி. எப்டி போச்சி? ரெண்டு பக்கமும் கரைய வெட்டிட்டான்."

துணியின் அகலத்தைத்தான் எங்கள் பக்கம் பன்னா என்போம். பாவா அதுவரை சிரித்துக்கொண்டுதான் இருந்தார். பன்னா, கரை என்று காதில் விழுந்ததும் முகம் மாறிவிட்டது. ராணி இருந்தாளா இல்லையா என்பது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. ஒருவன் கரையை வெட்டிவிட்டு உடலை மட்டும் கொடுத்தான் என்பது வேறு விஷயம்.

"எழுவது எம்.எம்.முன்னு சொன்ன இல்ல? இருவத்தஞ்சு எம்.எம். ஒரு இஞ்ச்சு. ரெண்டே முக்கா இஞ்ச்சு வரணும். நட."

மூன்று பேரும் அரக்கோணம் போனோம். பாவா கடையில் ஏறியதும் அந்தக் கேசட்டைக் கேட்டு வாங்கி, மூடியைத் திறக்கச் சொல்லி, சட்டைப் பையிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்து, உள்ளே இருந்த கறுப்பு நாடாவை அளந்தார்.

"அர இஞ்ச்சு" என்று எங்களிடம் அறிவித்தார். கடைக்காரர் பக்கம் திரும்பினார். "மீதி ரெண்டே கால் இஞ்ச்சு எங்கபா?"

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் ஒட்டியிருந்த படங்களைப் பார்த்தேன்.

"அண்ணா, கேசட்டுன்னா அர இஞ்ச்சுதான். எல்லா கேசட்டும் அப்டித்தான்."

"அப்ப எல்லாத்தையும் வெட்றியா?"

"நான் எங்க வெட்றேன்? சீமையிலியே டி.வி. அளவுக்கு ஓரத்த ஒதுக்கிட்டுத்தான் அனுப்பறான்."

"ஒதுக்கனத இன்னா பண்றான்?" என்று அக்கா குறுக்கே வந்தாள். "ராணி அந்தக் கரையிலதான் கீறா. அத மட்டும் தனியா குடு. பாத்துட்டுத் திருப்பிக் குடுத்துடறோம்."

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். பிலிம் வேறு, நாடா வேறு, அளவுக்கும் படத்துக்கும் சம்பந்தமில்லை என்று அரைகுறையாகத் தெரியும். ஆனால் என்னை முதல் தடவையாக நம்பி ஒரு மனிதர் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார். அதை எப்படிக் கெடுப்பது? வாயை மூடிக்கொண்டேன்.

கடைக்காரர் நல்ல மனிதர். இல்லையென்றால் எங்களைத் தொலைத்துத் தலைமுழுகினால் போதும் என்று நினைத்தாரோ என்னவோ. அன்றைய பேப்பரை எடுத்து விரித்து, மெட்ராஸில் அதே படம் காலைக் காட்சியாகத் திரும்ப வந்திருப்பதைக் காட்டினார்.

"முழு பன்னாவும் அங்க கீது. போய்ப் பாருங்கமா."

வரும் வழியில் அக்கா சொன்னாள். "நீயும் நானும் பாத்துட்டு வந்து சொன்னா ஒருத்தியும் நம்ப மாட்டா. உங்க பாவா வரணும். அவரு சொன்னாத்தான் தெரு கேக்கும்."

ஞாயிற்றுக்கிழமை அக்கா கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்தாள். தியேட்டரில் நான் பழக்க தோஷத்தில் முன்வரிசைப் பக்கம் நடந்தேன். நான்கு தடவையும் பார்த்தது அங்கேயிருந்துதான். பாவா என் காலரைப் பிடித்து நிறுத்தினார்.

"துணிய தூர நின்னு பாத்தாத்தான்டா ரெண்டு கரையும் தெரியும்" என்று பால்கனிக்குக் கூட்டிப் போனார்.

திரை விலகியது, விலகியது, விலகிக்கொண்டே இருந்தது. "எத்தினி முழம்டா!" என்று பாவா வாய்விட்டுச் சொன்னார். குதிரைகள் பெயர் போடும்போதே கொழுகொழுவென்று வந்தன. அக்கா என் முழங்கையைக் கிள்ளினாள். சந்தோஷத்தில் கிள்ளியதுதான், ஆனாலும் இரண்டு நாள் வலித்தது.

யுத்தம் ஆரம்பித்தது. முன்னால், பின்னால், பக்கவாட்டில் என்று எல்லா ஸ்பீக்கரும் அதிர்ந்தன. திரும்பிப் பார்த்தால் எங்கள் சாட்சி தூங்கிக்கொண்டிருந்தார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. நாலு விசைத்தறி ஓடும் இரைச்சலில் மத்தியானம் படுத்துப் பழகியவர். இரைச்சல் கூடக் கூடக் குறட்டையும் கூடியது. அக்கா உலுக்கினாள், கிள்ளினாள். அசையவில்லை. அடுத்து மேஜைக் காட்சி. ஊர் திரும்பி என்ன சொல்வது?

யுத்தம் முடிந்தது. சட்டென்று சத்தமெல்லாம் அடங்கியது.

பாவா துள்ளி எழுந்து நின்றார். "எந்தத் தறிடா நின்னுச்சி? இழ அறுந்துடுச்சா?"

தியேட்டரே திரும்பிப் பார்த்தது. அக்கா அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். உட்கார்ந்தவருக்கு எதிரே, திரை நிறைய, மேஜை.

இந்தக் கடைசியில் ராஜா. அந்தக் கடைசியில் ராணி.

பாவா தலையை மெதுவாக இடதிலிருந்து வலதுக்குத் திருப்பினார். "கீது" என்றார். "ரெண்டு கரையும் கீது." ராணி கோப்பையைச் சாய்த்தாள். மது ஓடியது. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அக்கா அழப்போகிறாள் என்று பார்த்தேன். அவள் ராணியைப் பார்க்கவே இல்லை.

"டேய், அவனும் அழறான்டா" என்றாள்.

பார்த்தேன். ராஜா அசையாமல் உட்கார்ந்திருந்தான். கன்னத்தில் நீர் வழிந்துகொண்டிருந்தது. துடைக்கக்கூட இல்லை. அவனும் வேறு வழியில்லாமல்தான் அனுப்புகிறான் என்று அந்த முகத்தைப் பார்த்த யாருக்கும் புரியும்.

"நாலு தபா பாத்தியே. ஒரு தபா கூடவா இந்தப் பக்கம் திரும்பல?"

முன்வரிசையில் உட்கார்ந்தால் ஒரு கடைசியைத்தான் பார்க்க முடியும், கழுத்து அவ்வளவுதான் வரும் என்றேன். அது உண்மைதான். நான் எந்தக் கடைசியைப் பார்த்தேன், ஏன் பார்த்தேன் என்பதும் உண்மை. அந்த ராணி அவ்வளவு அழகு. அதை அக்காவிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை குழாயடியில் பாவா சாட்சி சொன்னார். இரண்டு கையையும் முழுசாக விரித்து, "ராஜா இங்க, ராணி அங்க. என் கண்ணால பாத்தேன். வீடியோல கரைய வெட்டிட்டான், அவ்ளோதான்" என்றார். அவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது. எதிர்வீட்டு அம்மா, "அப்ப நம்மதான் அவள வாய்க்கு வந்தபடி பேசிட்டோம்" என்று எல்லோருக்கும் கேட்கவே சொன்னாள். அக்கா ஜெயித்துவிட்டாள். அதோடு குடத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம்.

அவள் போகவில்லை. குடத்தைக் கீழே வைத்தாள்.

"நான் ஒண்ணு தப்பா சொல்லிகினு இருந்தேன்மா" என்றாள். "அந்த ராஜாவும் அழுதான். பதினஞ்சு வருசமா அத சொல்லவே இல்ல. எனுக்குத் தெரியாது. ஆனா தப்பு தப்புதான்."

இப்போதுதான் திரும்பக் கிடைத்த பேர், அதை இவளே கொண்டுபோய்க் குழாயடியில் கொட்டுகிறாளே என்று பதறினேன். குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. யாரும் குழாயை மூடவில்லை.

எதிர்வீட்டு அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "ஐயோ, எத்தினி சாபம் குடுத்துட்டேன் அந்த மனுசனுக்கு!" என்றாள். பிறகு தன் குடத்தை நகர்த்தி வைத்துவிட்டு, அந்த ஈரக் கல்லிலேயே உட்கார்ந்தாள்.

"மொதல்ல இருந்து சொல்லுமா. நீ சொன்னாத்தான் நல்லா இருக்கும்."