கயிற்றுத் தெரு ஜிப்பக்கா

“தெருப் பேரச் சொல்லுங்க, அப்பதான் பையத் தருவேன்.”

தைத்து முடித்த பையை மடியில் வைத்துக்கொண்டு அடம்பிடிக்கிறார் ஜிப்பக்கா. “கயிற்றுத் தெரு” என்று வாய்விட்டுச் சொன்னால்தான் பை கைக்கு வரும். மாநகராட்சி பெயரை மாற்றி வெகுகாலமாகிவிட்டது. முனையிலுள்ள பலகையில் யாரோ ஒரு பெரிய மனிதரின் பெயர் இருக்கிறது. அவரைப் பற்றி அக்காவிடம் கேட்டால், “இந்தப் பக்கம் வந்து ஒரு ஜிப்பு மாத்தியிருப்பாரா அவரு?” என்பார்.

ஒரு தையல் இயந்திரம், சுவரெல்லாம் ஆணியில் தொங்கும் பைகள், இறுகிப்போன ஜிப்பில் தேய்க்க ஒரு மெழுகுவர்த்தித் துண்டு. கடை அவ்வளவுதான். உதட்டில் ஊசியைக் கவ்விக்கொண்டே ஊர்க்கதை பேசுவார். நமக்குத்தான் பக்பக்கென்று இருக்கும்.

ஒரு காலத்தில் இங்கே கப்பலுக்குக் கயிறு திரித்தார்களாம். நாரை இடுப்பில் சுற்றிக்கொண்டு, திரிக்கத் திரிக்கப் பின்பக்கமாகவே நடப்பார்களாம். குறுக்கே யாரும் வீடு கட்ட விடமாட்டார்களாம். தெரு இன்றைக்கும் குச்சி மாதிரி நேராகக் கிடப்பது அதனால்தான். அக்காவின் அப்பா சொன்ன கதை இது. அதைக் கேட்டுவிட்டு அக்காவும் தம்பியும் துணி காயப்போடும் கொடியை அவிழ்த்து, ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடப்பார்களாம். “எவ மேலயாவது போய் முட்டுவான். திட்டு எனக்கு!”

அந்தத் தம்பி பதினாறு வயதில் அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டைவிட்டுப் போனவன்; எத்தனையோ வருஷமாகியும் திரும்பவில்லை. அப்பா இறந்தது கூட அவனுக்குத் தெரியாது.

“அவனுக்குத் தெரிஞ்சதெல்லாம் கயித்துத் தெருதான். வந்து எறங்கினா அதத்தானே கேப்பான்? வழி சொல்றவங்க யாராச்சும் ஒருத்தருக்காவது அந்தப் பேரு தெரிஞ்சிருக்கணும்ல?”

அதுவரை நானும் அவரைக் கேலி செய்தவன்தான். இப்போதெல்லாம் அவர் கேட்கும் முன்பே சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் கடையில் உட்கார்ந்திருந்தேன். அக்கா வாசலுக்கு முதுகைக் காட்டியபடி குனிந்து இயந்திரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். பின்னால் ஓர் ஆண்குரல்.

“ஏங்க, கயித்துத் தெரு இதுதானா?”

நான் நிமிர்ந்து பார்த்தேன். வார் அறுந்த பையோடு ஓர் இளைஞன். முப்பது வயதுகூட இராது.

அக்கா திரும்பவில்லை. எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்தார். நெற்றியில் விழுந்திருந்த நரைமுடியை இரண்டு கைகளாலும் மெதுவாக ஒதுக்கிச் சரிசெய்துகொண்டிருந்தார்.