கப்பு வாங்காத சென்டர் ஃபார்வர்டு

என் வீட்டுக்காரர் செத்துப்போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. கடலூர் செம்மண்டலத்தில் எங்கள் வீட்டின் பின்சுவரில் இன்னமும் விடியற்காலையில் பந்து மோதுகிற சத்தம் கேட்கிறது. எழுந்து போய்ப் பார்ப்பேன். துணி காயப்போடும் கொடியும் தண்ணீர்த் தொட்டியும்தான் இருக்கும். பைத்தியம் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், எனக்குக் கவலையில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தச் சத்தத்தில் கண் விழித்தவள் நான். அவர் ஹாக்கி மட்டையை எடுத்துக்கொண்டு சுவரோடு விளையாடிவிட்டுத்தான் பல் தேய்ப்பார்.

கடலூர் டீமுக்கு அவர் சென்டர் ஃபார்வர்டு. அவர் மாதிரி ஆடுகிறவன் இந்தப் பக்கத்தில் இல்லை என்று எதிரணிக்காரர்களே சொல்வார்கள். ஆனால் ஒரு சாம்பியன்ஷிப்கூட ஜெயித்ததில்லை. ஃபைனல் வரை போவார்கள், தோற்பார்கள். தோற்பது பெரும்பாலும் சிதம்பரம் டீமிடம். அந்த டீமில் கோலுக்கு முன்னால் நின்று தடுக்கிற ஃபுல் பேக் யார் என்கிறீர்கள்? என் கூடப்பிறந்த தம்பி. தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்பார்கள். என் வீட்டில் படையே தம்பிதான்.

தம்பி சுமாராக ஆடுவான், அவ்வளவுதான். ஆனால் அண்ணாமலை நகரில் அவன் குவார்ட்டர்ஸ் ஷோகேஸைத் திறந்தால் கப்புகள் உருண்டு வந்து காலில் விழும். பொங்கல் சீர் கொண்டு வருகிறவன் பையை இறக்கி வைப்பதற்குள், "மாமா, இந்த வருஷமாவது கப்பு உண்டா?" என்று ஆரம்பிப்பான்.

"உனக்கு வைக்க எடம் பத்தலன்னா சொல்லு மச்சான், நான் ரெண்டு எடுத்துக்கறேன்" என்பார் இவர்.

இரண்டு பேரும் சிரிப்பார்கள். கேலிதான். ஆனால் அன்றைக்கு இவருக்குப் பொங்கச்சோறு இறங்காது. எனக்குத்தான் தெரியும்.

கடைசியாக ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு படுத்திருந்தவர் பிள்ளைகளைப் பற்றிக் கேட்கவில்லை, வீட்டைப் பற்றிக் கேட்கவில்லை. "நான் நல்ல பிளேயர்னா ஏன்டி ஒரு கப்புகூட வரல?" என்று கேட்டார். "பேசாம படுங்க" என்றேன். மறுநாள் அவர் போய்விட்டார். கேள்வி போகவில்லை. அரிசி களையும்போது வரும். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் வரும். கோயிலில் தீபாராதனைக்குக் கை கூப்பி நிற்கும்போது காதுக்குள் வந்து அதே குரலில் கேட்கும். மனுஷனைப் பதில் இல்லாமல் அனுப்பிவிட்டோமே என்று இருக்கும்.

இந்த வருஷம் தம்பி போன் பண்ணினான். சிதம்பரத்தில் அவனும் அவன் கூட்டாளிகளும் நடத்துகிற டோர்னமெண்ட்டில் பெஸ்ட் பிளேயர் கப்பை இனி மாமா பெயரில் கொடுக்கப் போகிறார்களாம். "நீதான் வந்து உன் கையால குடுக்கணும் அக்கா" என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது. மூக்கைச் சிந்திவிட்டுக் கேட்டேன்.

"யாருக்குடா குடுப்பீங்க?"

"ஜெயிக்கிற டீமுல ஒருத்தனுக்கு. எப்பவும் அப்படித்தானே?"

உண்மைதான். அந்த டோர்னமெண்ட்டில் அதுதான் வழக்கம். பெரிய கப்பு எந்த வண்டியில் ஏறுகிறதோ அதே வண்டியில்தான் மேசைமேல் இருக்கிற மற்றதெல்லாம் ஏறும். தோற்ற டீமில் எவ்வளவு பெரிய ஆட்டக்காரன் இருந்தாலும் கை தட்டிவிட்டுப் போக வேண்டியதுதான். என் வீட்டுக்காரர் வருஷா வருஷம் அப்படிக் கை தட்டிவிட்டு வந்தவர். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"அடப்பாவி, அப்ப உங்க மாமாவே உயிரோட வந்து ஆடினாலும் அவர் பேர்ல இருக்கற கப்பு அவருக்குக் கெடைக்காதுன்னு சொல்லு!"

"கோவப்படாத அக்கா. ஹாக்கி பதினோரு பேரு ஆட்டம். மூணு பேர ஏமாத்திட்டுப் போறதெல்லாம் பார்க்க நல்லாத்தான் இருக்கும். கூட இருக்கறவனையும் சேத்து ஜெயிக்க வைக்கிறவன்தான் பெரிய பிளேயர். கப்பு சும்மா வராது."

"சும்மாதான்டா வந்துச்சு உனக்கு. கால் சுளுக்குன்னு ஒரு ஃபைனல் முழுக்கப் பெஞ்சுல உக்காந்து முறுக்கு தின்னியே, அந்த மெடலும் ஷோகேஸ்ல தானே இருக்குது? அப்ப முறுக்கு தின்ன நீ ஒசத்தி, கோல் போட்ட உங்க மாமா மட்டமா?"

அவன் பதிலுக்கு நான் காத்திருக்கவில்லை.

"ஆட்டத்தப் பாத்து குடுங்க. இல்லன்னா அவர் பேர எடுத்துடுங்க. செத்த மனுஷன மறுபடியும் தோக்க வைக்காதீங்கடா" என்று சொல்லி வைத்துவிட்டேன். சாயங்காலம் அவனே கூப்பிட்டு, "சரி அக்கா, ஆட்டத்தப் பாத்தே குடுக்கறோம்" என்றான்.

ஃபைனலில் இந்தத் தடவையும் கடலூரும் சிதம்பரமும்தான். பழைய பழக்கத்தில் கடலூர் பக்கம் போய் உட்கார்ந்தேன். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்துக்குள் பந்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். கடலூர் டீமில் காடாம்புலியூர்க்காரன் ஒருத்தன், காலேஜில் படிக்கிறவனாம், பந்துக்காகக் காத்து நிற்கும்போது சட்டைக் காலரைக் கடித்தான். என் வீட்டுக்காரர் அப்படித்தான் கடிப்பார். கிழிந்த காலர்களைத் தைத்துத் தைத்து என் விரல் நொந்துபோயிருக்கிறது. அதே மாதிரி இடது தோளைச் சாய்த்து ஓடினான், அதே மாதிரி கோலுக்கு முன்னால் இருக்கிற டி-க்குள் புகுந்தான். அவன் திரும்பினால் என்ன முகம் இருக்குமோ என்று எனக்குப் பயமாகவே இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு, "வந்துட்டீங்களா?" என்று கேட்டேன். பக்கத்தில் இருந்த அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

கடலூர் போட்ட இரண்டு கோலும் அவன் போட்டதுதான். சிதம்பரம் மூன்று போட்டது. முடிந்தது கதை.

பெஸ்ட் பிளேயர் என்று மைக்கில் அந்தக் காடாம்புலியூர்ப் பையனைக் கூப்பிட்டார்கள். தம்பி வார்த்தையைக் காப்பாற்றிவிட்டான். நான் கப்பைத் தூக்கிக்கொண்டு நின்றேன். "இந்தாங்க, உங்க கேள்விக்குப் பதில்" என்று மனசுக்குள் அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் கண் வீங்கி, முழங்காலில் மண்ணோடு வந்தான். கப்பில் பொறித்திருந்த பெயரைப் படித்தான்.

"ஒண்ணு கேக்கலாமாம்மா? சார் எத்தன தடவ சாம்பியன் ஆனாரு?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "ஒரு தடவகூட ஆனதில்லப்பா" என்றேன்.

நீட்டிய கையை அவன் பின்னால் இழுத்துக்கொண்டான். "அப்ப எனக்கு வேணாம்மா. தப்பா எடுத்துக்காதீங்க. நான் அடுத்த வருஷம் ஜெயிக்கணும்."

"டேய், யாருகிட்ட பேசற?" என்று தம்பி பாய்ந்து வந்தான். எனக்கும் ஓங்கி அறைந்துவிடலாம் என்றுதான் வந்தது. என் புருஷன் பெயர் என்ன தொற்று வியாதியா? ஆனால் அந்த மூஞ்சியைப் பார்த்தேன். அது எனக்குத் தெரிந்த மூஞ்சி. ஒவ்வொரு ஃபைனல் முடிந்தும் வீட்டு வாசலில் என் வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றுகிறபோது இருக்கிற மூஞ்சி. அப்போதெல்லாம் நான் ஒரே வார்த்தைதான் சொல்வேன். "தோத்தா என்னங்க, நீங்கதான் நல்லா ஆடினீங்க." பாசத்தில்தான் சொன்னேன். அவர் ஒரு நாளும் ஆமாம் என்றதில்லை. மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விடுவார். களைப்பு என்று நினைத்துக்கொள்வேன். அந்த வார்த்தையால் இந்த ஆறுதல் கப்பை நான் அவரிடமும் வருஷா வருஷம் நீட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். ஐயோ, எனக்கு அது தெரியவே இல்லையே.

"விடுடா அவன" என்றேன் தம்பியிடம். "போப்பா, போய் உன் ஆளுங்களோட நில்லு."

அவன் ஓடிப்போய்த் தோற்றவர்கள் நடுவில் உட்கார்ந்துகொண்டான்.

"இத யாருக்கு அக்கா குடுக்கறது?" என்று தம்பி கேட்டான். யாருக்கும் வேண்டாம், நான் எடுத்துப் போகிறேன் என்றேன். பஸ் ஸ்டாண்டு வரை அவனே கப்பைச் சுமந்து வந்து, கடலூர் பஸ்ஸில் சீட்டுப் பிடித்து உட்கார வைத்தான். கேலி எதுவும் பேசவில்லை.

ஆலப்பாக்கம் தாண்டும்போது கண்டக்டர் என் மடியைப் பார்த்துவிட்டு நின்றார்.

"இன்னாம்மா, எவ்ளோ பெரிய கப்பு! புள்ள வாங்குனதா?"

"இல்லப்பா. வீட்டுக்காரரோடது."

"ஜெயிச்சுட்டாரா?"

"இல்ல. தோத்துட்டாரு" என்றேன். 'ஆனா நல்லா ஆடினாரு' என்று நாக்கு நுனி வரை வந்தது. அதைச் சொல்லவில்லை.