ஒரு காலை அமுக்குனா மறு கால் உதைக்கும்

கால் அமுக்குற தொழிலுக்கு வர்றவன் மொதல்ல கத்துக்க வேண்டியது அமுக்குறது இல்ல, ஒதுங்குறது. ஏன்னு கொஞ்சம் பொறுத்து சொல்றேன். இத படிக்கிற உங்களுக்கும் ரெண்டு கால் இருக்குது, சாயந்திரமானா அது ரெண்டும் உங்கள திட்டும். அதனால நாம எல்லாம் ஒரே கட்சி.

அறுபத்தொம்பது எழுபது வாக்குல காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துல சைக்கிள் கடைக்குப் பக்கத்து ரூம்ல கடை போட்டேன். அதுக்கு முன்னாடி கல்யாண வீடுங்கள்ல யார் மாதிரி வேணா பேசிக் காட்டி சிரிக்க வெச்சுக்கினு இருந்தேன். கல்யாணம் மாசா மாசம் வராது. கால் வலி வரும்.

பெனாங்குலர்ந்து வந்த பாதம்

இந்த வித்தையக் கொண்டாந்தது ஜரிகை யாவாரம் பண்ற கரீம் பாய். அவரு தம்பி மலேயாவுல பெனாங்குல இருந்தாரு. அவரு அனுப்புன ஒரு படத்துல ரெண்டு பாதம் வரைஞ்சு, கண்ணு, காது, ஈரல், குடல்னு ஒடம்பு பூராவையும் அதுக்குள்ள குடி வெச்சிருந்தாங்க. தம்பி லீவுல வந்தப்ப எனக்கு அமுக்குற பக்குவத்த சொல்லிக் குடுத்தாரு. வியாதி போச்சான்னு கேட்டா எனக்குத் தெரியாது. அமுக்கினு போனவங்க நல்லா தூங்குனாங்க, அது தெரியும்.

மொத காலு பாயோடது. வயிறு மந்தமா இருக்குதுன்னாரு. படத்தப் பாத்து நடுப் பாதத்துல கட்டை விரல வெச்சேன். ஒரு அலறு அலறுனாரு பாருங்க, பக்கத்து சைக்கிள் கடையில டியூப் வெடிச்சதுன்னு நெனச்சு ஆளுங்க ஓடியாந்தாங்க. முடிச்சப்பறம் பெரிய ஏப்பமா விட்டு, முகம் தெளிஞ்சு, "தலைவலின்னா எங்கப்பா அமுக்குவ?"ன்னு கேட்டாரு. கால் கட்டை விரல்லன்னேன். பாய் அந்த விரலையே கொஞ்ச நேரம் பாத்தாரு. அப்பறம் சொன்னாரு: "அப்ப திருப்பதி போயி மொட்டை போட்டுக்கினு வர்றவன், அந்த வெரலுக்கும் சந்தனம் பூசணுமா?"

தனபாலோட தறி

தறிக்காரங்க கால் வேற ஜாதி கால். தறிக்குழிக்குள்ள ரெண்டு காலயும் எறக்கி உக்காந்துக்கினு, ஒரு மிதிக்கட்டைய அழுத்துவாங்க, நூல் சுத்துன நாடா ஓடும். மறு மிதிய அழுத்துவாங்க, நாடா திரும்பும். காலைலர்ந்து பொழுது சாயற வரைக்கும் இதான். நம்ம தெருவுல தனபால்னு ஒருத்தரு. பொடவைக்கு கரை போடுறதுல கெட்டிக்காரரு. அவரு தறி ஓசைய வெச்சே நான் நேரம் சொல்லுவேன், அவ்ளோ சீரு. அவரு சம்சாரம் பூங்காவனம் இழுத்துக்கினு வந்து நாற்காலியில உக்கார வெச்சாங்க.

எடது பாதத்த புடிச்சு அமுக்குனேன். சொல்லி வெச்ச மாதிரி வலது கால் வந்து என் நெஞ்சுல விழுந்தது. எண்ணெக் கிண்ணம் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். மனுசன் பதறிப் போயி, "ஐயோ அண்ணே, நான் ஒதைக்கலண்ணே, அது தானா மிதிக்குதுண்ணே!"ங்கறாரு. வலது கால அமுக்குனா எடது கால் மிதிக்குது. அமுக்கு, ஒதை, அமுக்கு, ஒதை. அப்பறம் நான் பழகிட்டேன். அமுக்குனதும் ஒரு மூச்சு விட்டு லேசா சாய்வேன், கால் என் காதாண்ட காத்து வாங்கிக்கினு போவும். கல்யாண வீட்ல சிரிப்புக்கு எங்க நிறுத்தணும்னு கத்துக்கினது இங்க ஒதவுச்சு. தெரு ஜனம் வேடிக்க பாக்க நிக்கும். பூங்காவனம் தலையில அடிச்சுக்கினாங்க: "வாரத்துல ஒரு நாளாவது அந்தக் காலு சும்மா கெடக்கட்டும்னு கூட்டியாந்தா, இங்கயும் வந்து நெய்யறாரே இந்த மனுசன்!"

டாக்டர் கூப்ட்டு அனுப்புனாரு

பெரிய தெருவுல ஒரு டாக்டர். தொண்டைய செருமிட்டு, "நாக்க நீட்டு… ம்ம்ம்… உள்ள போட்டுக்கோ"ன்னு அவரு பேசறத நான் ஊர் பூரா செஞ்சு காட்டியிருக்கேன். அவரு ஆள் உட்டு கூப்ட்டப்ப, சரி, நம்ம கடைக்கு பூட்டுதான்னு போனேன். மனுசன் கதவ சாத்திட்டு, "செஞ்சு காட்டு"ன்னாரு. வேற வழியில்லாம செஞ்சேன். கண்ணுல தண்ணி வர சிரிச்சாரு. அப்பறம் ஷூவக் கழட்டி ஸ்டூல் மேல கால நீட்டுனாரு. நாள் பூரா நிக்கற காலு, பாவம், காஞ்ச கட்டை மாதிரி இருந்தது.

அமுக்கும்போதே கறாரா சொன்னாரு. வீக்கம், சீழ், மரத்துப் போன கால், இது எதுலயும் கைய வெக்கக் கூடாது, நேரா எங்கிட்ட அனுப்பணும்னு. சரி சார்னேன். கெளம்பும்போது கூப்ட்டு சொன்னாரு: "என்ன மாதிரி பேசிக்கோ, பரவால்ல. என்ன மாதிரி மருந்து மட்டும் எழுதிக் குடுத்துறாத!"

வராத ஒதை

அந்த வருசம் ஐப்பசி மழையில தனபால் வந்தாரு. ஒரு முகூர்த்தப் பொடவ தறியில பாதியில நின்னுக்கினு இருக்குது, அவசரம்னாரு. எடது பாதத்த புடிச்சேன். அமுக்குனேன். ஒரு மூச்சு. சாஞ்சேன்.

ஒதை வரல.

நான் சாஞ்சது சாஞ்சபடியே இருக்கேன், வேடிக்க பாக்க வந்தவங்க சிரிக்க வாயத் தெறந்தபடியே இருக்காங்க. இன்னும் அழுத்தி அமுக்குனேன். வலது கால் பெஞ்சு மேல தூங்குது. தனபால் ஜன்னல் வழியா மழையப் பாத்துக்கினு, பொடவையோட கரையப் பத்தி பேசிக்கினு இருக்காரு. விளக்க கிட்ட கொண்டாந்து பாதத்த திருப்புனேன். குதிகாலுக்கு மேல மிதிக்கட்டையோட மூங்கில் சிலாம்பு ஒண்ணு ஏறி, சுத்தி சீழ் கட்டியிருந்தது. "எப்ப குத்துச்சுப்பா?"ன்னேன். தனபால் எட்டிப் பாத்து, "குத்துனதே தெரியலண்ணே"ன்னாரு.

ஒடனே டாக்டராண்ட போலாம்னேன். வேட்டிய உதறிக்கினு எழுந்துட்டாரு. மரத்துப் போன காலோட ஆஸ்பத்திரிக்குப் போன அவரு சித்தப்பாவுக்கு முட்டிக்குக் கீழ எடுத்துட்டாங்களாம். வாசல்ல நின்னு மெதுவா சொன்னாரு: "கைய எடுத்தாக்கூட ஒரு கையால சோறு துண்ணலாம். ஒத்தக் காலால எந்தத் தறிண்ணே ஓடும்?"

முதலாளி கொரலு

அந்த ராத்திரி எனக்குத் தூக்கமில்ல. என் காலயே அமுக்கிப் பாத்தேன், ஊஹூம். காலைல அவங்க வீட்டு ஜன்னலாண்ட தெருவுல போயி நின்னேன். உள்ள பூங்காவனம் கெஞ்சறாங்க, அவரு குழிக்குள்ள எறங்கப் பாக்கறாரு. அவருக்கு பாவு நூலு குடுத்து நெய்ய வெக்கற முதலாளி வெத்தலைய ஒரு கன்னத்துல அடக்கிக்கினு பேசுவாரு. நானும் கன்னத்த உப்பிக்கினேன். "ஏம்ப்பா தனபாலு! பொடவ அப்பறம் ஆவட்டும்பா. மொதல்ல போயி காலப் பாரு!"

உள்ள சத்தம் நின்னுது. கொஞ்ச நேரத்துல தனபால் சட்டைய மாட்டிக்கினு வெளிய வந்தாரு. சைக்கிள்ல பின்னாடி உக்கார வெச்சு தள்ளிக்கினு போனேன். பாதி வழியில முதுகுக்குப் பின்னாடி கொரலு வந்தது: "உங்க கொரலுதான்னு தெரியும்ணே. நெசமான முதலாளி அப்டி ஒரு வார்த்த சொல்லவே மாட்டாரு. அவரு வாயால ஒரு தபா கேட்டாப்ல இருந்துச்சு, அதான் எழுந்து வந்தேன்."

கிண்ணம் கவுந்தது

டாக்டர் சிலாம்ப எடுத்தாரு, புண்ண சுத்தம் பண்ணாரு, சர்க்கரை வியாதின்னாரு. காலு இருக்கும், ஆனா புண்ணு ஆறுற வரைக்கும் குழியில எறங்கக் கூடாது, இனிப்பு கிட்டயே போவக் கூடாதுன்னாரு. அந்த முகூர்த்தப் பொடவைய பூங்காவனமே எறங்கி நெய்ஞ்சாங்க. தனபால் கட்டுப் போட்ட கால நீட்டிக்கினு, கரை கோணுது, நாடா தூங்குதுன்னு கமெண்ட்ரி சொல்லி திட்டு வாங்குனாரு. நான் தெனம் போயி டாக்டர் மாதிரி செருமி, "லட்டுவ… ம்ம்ம்… கீழ வெச்சிரு"ன்னுட்டு வருவேன். கால்ல கை மட்டும் வெக்கல.

பொங்கலுக்கு அப்பறம் புண்ணு மூடிருச்சு. மருந்த நிறுத்தாம, லேசா தடவிக் குடுக்கலாம்னு டாக்டர் உத்தரவு குடுத்தாரு. தனபால் வந்து நாற்காலியில உக்காந்தாரு. பூங்காவனம் முந்தானைய வாயில வெச்சுக்கினு நிக்கறாங்க. எடது பாதத்துல எண்ணெயப் போட்டு, பூ மாதிரி அமுக்குனேன். ஒண்ணுமில்ல. கொஞ்சம் மேல, விரலாண்ட. ஒண்ணுமில்ல. ஒதை வராதுன்னே முடிவு பண்ணி, ஒதுங்கறதையும் மறந்து, நல்லா குனிஞ்சு கட்டை விரலுக்குக் கீழ ஒரு அமுக்கு அமுக்குனேன்.

வலது கால் வந்துச்சு. மூக்கு மேலயே வந்துச்சு. நான் மல்லாந்து விழுந்தேன், கிண்ணம் என் தலையில கவுந்து எண்ணெ காது வழியா ஓடுது. தனபால் ரெண்டு கையாலயும் வாயப் பொத்திக்கினு, "தெரிஞ்சுதுண்ணே… அமுக்குனது தெரிஞ்சுது"ங்கறாரு. எல்லாரும் என்னத் தூக்க ஓடியாந்தாங்க. பூங்காவனம் மட்டும் என்னப் பாக்கவே இல்ல. அழுதுக்கினே சிரிச்சுக்கினே புருசன் தோள உலுக்கறாங்க: "ஏங்க… இன்னொரு தபா ஒதைங்க!"

ஊரு ஜனம் பெரியவங்க காலத் தொட்டு ஆசீர்வாதம் வாங்கிக்கினு போவுது. காலத் தொட்டு ஒதை வாங்கிக்கினு, மூக்கத் தடவி சிரிச்சுக்கினே வீட்டுக்குப் போறது இந்தக் காஞ்சிபுரத்துலயே நான் ஒருத்தன்தான்.