தக்கையை முகர்ந்த மனிதர்

பெல்ஜியத்தின் கென்ட் நகரத்தில், வெள்ளிக்கிழமைச் சந்தைத் திடலைச் சுற்றி ஒரு பேச்சு உலவிக்கொண்டிருந்தது. 'மூன்று தவளை' மதுக்கடையில் முப்பத்து நான்கு வருடமாகப் பீர் ஊற்றும் ஓடீலுக்கு மூக்கு வேலை செய்யவில்லையாம். மூக்கு இருக்கிறது, எடுப்பாகவே இருக்கிறது, ஆனால் சும்மா இருக்கிறது என்பதுதான் செய்தி.

இந்த மாதிரிப் பேச்சை அப்படியே நம்பவும் முடியாது, விசாரிக்காமல் விடவும் மனசு கேட்காது. முடி வெட்டுகிறவரைக் கேட்டால், சீஸ் கடைக்காரி சொன்னாள் என்றார். சீஸ் கடைக்காரி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

"நான் ஒண்ணுமே சொல்லலீங்க. போன மாசம் கடைக்கு வந்தாரு. அப்பத்தான் ஹேர்வ சீஸோட மூடியத் திறந்தேன். வரிசையில நின்ன நாய்கூட வெளிய போயிருச்சு. இவரு என்னடான்னா அதுக்கு நேரா குனிஞ்சு, 'இது என்ன வகை?'ன்னு கேக்குறாரு. அத மட்டுந்தான் சொன்னேன்."

ஒன்றுமே சொல்லாமல் அவள் இதைப் பதினோரு பேரிடம் சொல்லியிருந்தாள். 'மூன்று தவளை' முதலாளி காதுக்கு மட்டும் அது இன்னும் எட்டவில்லை.

விசாரித்த வரையில் பேச்சு உண்மைதான். இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் ஓடீலுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. ஒன்பதாம் நாள் எழுந்து காப்பி போட்டார். குடித்தால் கறுப்பாக ஒரு சுடுதண்ணீர். உப்பு, இனிப்பு, புளிப்பு, கசப்பு என்று நாக்குக்குத் தெரிந்த நாலைந்து சமாசாரம் மட்டும் மிச்சம் இருந்தது. அதிலும் கசப்பு நன்றாகவே மிச்சம் இருந்தது. மணம் என்பது மொத்தமாகப் போய்விட்டது. மருத்துவர் முதலில் ஆறு வாரத்தில் வந்துவிடும் என்றார். அப்புறம் ஆறு மாதம் என்றார். அதற்குப் பிறகு ஓடீல் அந்தப் பக்கம் போகவில்லை.

யாரிடமும் சொல்லவும் இல்லை. எப்படிச் சொல்வது? வயது அறுபத்தொன்று. கடையில் இருநூற்று நாற்பது வகைப் பீர். ஒவ்வொன்றுக்கும் அதற்கென்று ஒரு கோப்பை. எதை யாருக்கு, எந்தக் குளிர்ச்சியில், அடிவண்டல் சேர்த்தா சேர்க்காமலா என்று சொல்வதுதான் அவர் பிழைப்பு. மூக்கு போனவன் என்று தெரிந்தால் பின்கட்டில் கோப்பை கழுவச் சொல்வார்கள். அதற்கும் அவர்கள் ஒரு இயந்திரம் வாங்கிவிட்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால், மூக்கு போன பிறகு வியாபாரம் ஏறியது. மணம் தெரிந்த காலத்தில் ஓடீல் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். "இது உங்களுக்கு ஒத்துவராது" என்பார், "இந்தத் தடவை சுமாராத்தான் வந்திருக்கு" என்பார். இப்போது எது சுமார் என்று அவருக்கே தெரியாது. ஆகவே எல்லாவற்றையும் புகழ்ந்தார். குதிரை லாயம், பழைய தோல்பை, நனைந்த வைக்கோல், பாட்டி வீட்டு ஆப்பிள் என்று முப்பது வருடம் சேர்த்துவைத்த சொற்கள் வரிசையாக வந்தன. கேட்டவர்கள் மயங்கினார்கள். முதலாளி லீஸ்லொட், அப்பாவிடமிருந்து கடை வந்து நாலு வருடம் ஆனவள், ஓடீலின் மூக்கை மட்டும் படமாக வரையச் சொல்லிச் சன்னலில் ஒட்டினாள். கீழே 'இந்த மூக்கை நம்புங்கள்' என்று எழுதியிருந்தது.

அத்தோடு நிற்கவில்லை. சனிக்கிழமைதோறும் வெளியூர்க்காரர்களை உட்கார வைத்து ஓடீல் ருசி பார்க்கச் சொல்லித்தர வேண்டும், ஓய்வூதிய வயது வரைக்கும் அந்த வேலை அவருக்கே என்று எழுத்தில் தருவதாகச் சொன்னாள். ஒரே ஒரு நிபந்தனை. முதல் சனிக்கிழமை அவள் பக்கத்தில் இருந்து பார்ப்பாள். பிடித்தால் கையெழுத்து.

அந்தச் சனிக்கிழமை மூன்று மணிக்கு, ஸ்வொலே நகரத்திலிருந்து ரயிலேறி வந்த நாலு சிநேகிதர்கள் உள்ளே நுழைந்தார்கள். டச்சுக்காரர்கள்; கஞ்சர்கள் என்பது கென்ட்டில் அவர்களைப் பற்றிய பழைய கிண்டல். யெல்மர் என்பவன்தான் தலைவன். கையில் கைப்பேசி, அதில் ஒரு பட்டியல்.

"பெரியவரே, மூணு நாளைக்கு வந்திருக்கோம். மொத்தம் பதினெட்டு கடை. உங்களுது எட்டாவது."

"பதினெட்டா? குடிக்க வந்தீங்களா தம்பி, இல்ல ஏதாவது வேண்டுதலா?"

"குரூப்பா வந்தா விலையில ஏதாவது குறைப்பீங்களா?"

"எந்த ஊருன்னு நான் கேக்கவே இல்லையே, நீங்களா ஏன் சொல்றீங்க?"

நால்வரும் சிரித்தார்கள். லீஸ்லொட்டும் சிரித்தாள். முதல் மூன்று பீர் வழுக்கிக்கொண்டு போயின. ஓடீல் சொல்லச் சொல்ல யெல்மர் தட்டச்சு செய்தான். ஐந்துக்கு நாலு புள்ளி இரண்டு, நாலு புள்ளி நாலு என்று மதிப்பெண் வேறு. சீஸ் துண்டும் கடுகுச் சாந்தும் மேசைக்கு வந்தன. அப்போது லீஸ்லொட் நிலவறைக்குப் போய், மரப்பீப்பாயில் கிடந்து பிறகு பாட்டிலில் எட்டு வருடம் படுத்திருந்த புளிப்புப் பீர் ஒன்றைத் தூசியோடு தூக்கிக்கொண்டு வந்தாள்.

ஓடீல் தக்கையை இழுத்தார். மூக்கருகே கொண்டுபோனார். கண்ணை மூடி மனசுக்குள் நாலு வரை எண்ணினார். அந்தக் காலத்தில் இந்த இடத்திலேயே சில பாட்டில்கள் பேச்சில்லாமல் சாக்கடைக்குப் போகும். இரண்டு வருடமாக ஒன்றுகூடப் போகவில்லை. லீஸ்லொட் அதைச் சிக்கனம் என்று நினைத்திருந்தாள்.

"பழைய குதிரை லாயம். ஓரத்துல ஒரு ஆப்பிள் கூடை," என்றார் ஓடீல்.

"அய்யோ, ஆமாம்! குதிரையே நிக்குது," என்றான் யெல்மர். நாலு புள்ளி ஏழு போட்டான். மற்ற இருவரும் குதிரையைக் கண்டுகொண்டார்கள்.

நாலாவது ஆள் ரின்ஸ்கே. அதிகம் பேசாத பெண். கோப்பையை முகத்துக்குக் கொண்டுபோனவள் சட்டென்று தலையைப் பின்னால் இழுத்தாள்.

"தப்பா நினைக்காதீங்க. இது நெயில் பாலிஷ் அழிக்கிற தண்ணி மாதிரில்ல வாசம் அடிக்குது?"

"ரின்ஸ்கே, அதுதான் இதோட குணம். உனக்குப் பழக்கமில்ல," என்றான் யெல்மர்.

"பழக்கமில்லதான். ஆனா கெட்டுப்போனதும் இப்படித்தான இருக்கும்?"

லீஸ்லொட் ஓடீலைப் பார்த்தாள். ஓடீல் கோப்பையை எடுத்து முகர்ந்தார். ஒன்றுமில்லை. கண்ணாடியின் குளிர் மட்டும் மூக்கில் பட்டது. குடித்தார். புளித்தது, புளிக்க வேண்டியதுதான். நல்லதும் புளிக்கும், கெட்டதும் புளிக்கும். இந்தப் பெண் சொல்வது சரியென்றால் தன் முப்பத்து நான்கு வருடமும் இந்த மேசையில் முடிந்தது என்பது மட்டும் அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது.

'மூன்று தவளை'யில் இதற்கொரு பழைய ஏற்பாடு உண்டு. பாட்டில் விஷயமாக வாடிக்கையாளருக்கும் கடைக்கும் தகராறு வந்தால், கவுண்டரின் கடைசி முக்காலியில் இருப்பவர் சொல்வதுதான் தீர்ப்பு. லீஸ்லொட்டின் அப்பா வைத்த வழக்கம். முப்பது வருடமாக அந்த முக்காலியில் அஷீல்தான். ட்ராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். சாதாரண பில்ஸ் பீரைத் தவிர வேறெதுவும் தொட மாட்டார். அதற்காக ஓடீல் தினமும் ஆளைக் கூட்டி வைத்துக் கிண்டலடிப்பார்: "உனக்கு இருக்குறது நாக்கா, ட்ராம் டிக்கெட்டா?"

"அஷீல், கொஞ்சம் வர்றீங்களா?" என்று லீஸ்லொட் கூப்பிட்டாள்.

அஷீல் வந்தார். முகர்ந்தார். அவருடைய இமை ஒரு தரம் துடித்தது. பிறகு கோப்பையின் விளிம்புக்கு மேலாக ஓடீலைப் பார்த்தார், சாவகாசமாக. ட்ராமைப் பிடிக்க ஓடிவருகிறவனைக் கண்ணாடியில் பார்க்கிற ஓட்டுநரின் பார்வை அது. கதவைத் திறப்பதா வேண்டாமா என்பது அவர் கையில்.

பிறகு ஒரே மூச்சில் முழுவதையும் குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டார்.

"அருமையான சரக்கு. மேடம், இது இப்படித்தான் இருக்கும்."

யெல்மர் கை தட்டினான். "நான் சொல்லல?"

ரின்ஸ்கேவின் முகம் சிவந்துவிட்டது. "மன்னிச்சிருங்க பெரியவரே. போன குளிர்காலத்துல எனக்குக் காய்ச்சல் வந்து கொஞ்ச நாள் மோப்பமே இல்லாம இருந்துச்சு. திரும்ப வந்துருச்சுன்னு நினைச்சேன். சரியா வரல போல."

ஓடீல் அந்தப் பெண்ணைப் பார்த்தார். அந்த அறையிலேயே வேலை செய்கிற ஒரே நேர்மையான மூக்கு அவளுடையது. அதை அவளே சந்தேகப்படும்படி ஆக்கியாயிற்று. ஒரு வாக்கியம் போதும், அவளுக்கு அவள் மூக்கு திரும்பக் கிடைத்துவிடும்.

"வந்துரும் மேடம். கொஞ்ச நாள் பிடிக்கும்," என்றார்.

அவள் கண்ணை இறுக்கிக்கொண்டு மிச்சத்தைக் குடித்து முடித்தாள். மரியாதைக்காக. யெல்மர் அதே வரிசையிலிருந்து இன்னொரு பாட்டிலை ஊருக்கு எடுத்துப்போக வாங்கிக்கொண்டான். ஒன்பதாவது கடைக்கு நேரமாகிவிட்டது என்று நால்வரும் கிளம்பினார்கள். கதவு மூடுவதற்குள் லீஸ்லொட் கையெழுத்துப் போட்டு, ஓடீலின் கன்னத்தில் மூன்று முத்தமும் கொடுத்து, கொண்டாட்டமாக உள்ளே போனாள்.

கவுண்டரில் இரண்டு பேர் மட்டும்.

"எப்படிடா இருந்துச்சு?" என்று கேட்டார் ஓடீல், மெதுவாக.

"அத ஊத்தினா ட்ராம்ல பெயின்ட் உரிஞ்சு வரும்."

ஓடீல் பில்ஸ் கோப்பையைத் தண்ணீரில் அலசி, சாய்த்துப் பிடித்து, நுரையைக் கத்தியால் வழித்து, அஷீல் முன்னால் வைத்தார். "இது நான் வாங்கித் தர்றது."

ஒருவன் உனக்காகக் குடித்தாலும், உனக்கு வாங்கித் தந்தாலும், பதில் கோப்பை அன்றைக்கே வைத்துவிட வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். வைத்து, அவன் குடித்துவிட்டால் விவகாரம் தீர்ந்தது. இரண்டு பேரும் மறந்துவிடலாம்.

அஷீல், கோப்பைக்கு அடியில் வைக்கும் அட்டை ஒன்றை எடுத்து அதன் வாயை மூடினார். போதும் என்று அர்த்தம்.

"இன்னிக்கு வேண்டாம்பா."

"ஏன்டா?"

"தாகமில்ல." தன் காசைக் கவுண்டரில் வைத்துவிட்டுச் சொன்னார், "எனக்கு ஒரு பில்ஸ் ஊத்து. என் காசுல."

அது ஈஸ்டருக்கு முன்னால். இப்போது இலையுதிர் காலம், செஸ்நட் கொட்டை சுட்டு விற்கிறவன் திடலுக்கு வந்துவிட்டான். சனிக்கிழமை வகுப்புகள் அமோகமாக நடக்கின்றன. வெளியூர்க்காரர்கள் சூழ்ந்திருக்கும்போது, கடைசி முக்காலியிலிருந்து ஒரு குரல் தவறாமல் வரும்.

"வாத்தியாரே, என் பில்ஸையும் கொஞ்சம் மோந்து சொல்லேன். என்ன வாசம் வருது?"

எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். ஓடீல் போய், குனிந்து, கண்ணை மூடி, நாலு வரை எண்ணி, ஏதாவது சொல்வார். அஷீல் தலையாட்டிக்கொண்டே கேட்டுக்கொள்வார்.

கூட்டம் போனதும் ஓடீல் ஒரு கோப்பையை அவர் முன்னால் வைக்கிறார். "இன்னிக்காவது குடிச்சுத் தொலைடா."

"அவசரமென்ன? இருக்கட்டும்," என்கிறார் அஷீல், அட்டையைத் தேடிக்கொண்டே.